இயேசு சொன்னதை அன்றாடம் வாழ்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாடம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது, ஒருவர் மட்டும் தயங்கி நின்று மெதுவாகக் கேட்பார். எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்த கேள்வியாக இருக்கும். பல வருடங்களாக அப்படி என் காதில் விழுந்த கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் போதகர் அல்ல. சுவிசேஷத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிற, அதில் பல இடங்களில் இன்னும் தடுமாறுகிற ஒரு விசுவாசி, அவ்வளவுதான்.

சுவிசேஷத்தை எங்கிருந்து வாசிக்க ஆரம்பிப்பது?

மாற்கிலிருந்து ஆரம்பியுங்கள். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சின்னது, 16 அதிகாரம். சத்தமாக வாசித்தாலும் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இயேசு எங்கே போனார், யாரைத் தொட்டார், யாரோடு சாப்பிட்டார் என்பது முதலில் மனதில் பதியட்டும். அப்புறம் மத்தேயு 5, 6, 7 அதிகாரங்கள், அதாவது மலைப்பிரசங்கம். பேசுகிறவர் யார் என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சைக் கேட்டால் அது வேறு மாதிரி ஒலிக்கும். நான்கு சுவிசேஷங்களும் சேர்த்து 89 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் மூன்று மாதம்.

தினமும் வாசிக்கிறேன். ஆனாலும் என்னிடம் எந்த மாற்றமும் இல்லையே?

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். மலைப்பிரசங்கத்தின் முடிவில் இயேசு சொன்ன இரண்டு வீடுகளின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் கன்மலையின்மேல் கட்டினான், இன்னொருவன் மணலின்மேல் கட்டினான். கன்மலைக்காரன் விசுவாசி, மணல்காரன் அவிசுவாசி என்று நாமாகவே பிரித்துக்கொள்கிறோம். வசனத்தில் அப்படி இல்லை. இரண்டு பேருமே அவருடைய வார்த்தைகளைக் கேட்டவர்கள்! ஒருவன் கேட்டபடி செய்தான், மற்றவன் செய்யவில்லை. வித்தியாசம் அங்கேதான். மழையும் வெள்ளமும் காற்றும் இரண்டு வீட்டின்மேலும்தான் மோதின.

சரி, செய்வது எப்படி? நான் சொல்லும் வழி எளியது: ஒரு வசனம், ஒரு ஆள், ஒரு நாள். உதாரணமாக, ‘மனுஷர் உங்களுக்கு எதைச் செய்ய விரும்புகிறீர்களோ, அதை நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள்’ என்ற வசனத்தை வாசித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘இனி எல்லோரிடமும் அன்பாக இருப்பேன்’ என்று முடிவெடுக்காதீர்கள். மத்தியானத்துக்குள் அது காற்றில் போய்விடும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் உங்கள் அப்பாவை நினையுங்கள். இன்று அவர் அந்தக் கதையை ஆரம்பித்தால், போனைக் கீழே வைத்துவிட்டு முடியும்வரை கேளுங்கள். முதுமையில் உங்களுக்கு ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புவீர்களோ, அதை அவருக்குச் செய்துவிட்டீர்கள். நாளைக்கு வேறு ஆள், வேறு செயல்.

மன்னிக்க முடியவில்லை. என்ன செய்வது?

சீஷர்களில் ஒருவரான பேதுரு இயேசுவிடம் வந்து, ‘என் சகோதரன் எனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் எத்தனை தரம் மன்னிக்க வேண்டும்? ஏழுதரமா?’ என்று கேட்டார். ஏழே பெரிய மனசு என்று அவர் நினைத்திருப்பார். ‘ஏழெழுபது தரம்’ என்று பதில் வந்தது. கூடவே ஒரு கதையும் வந்தது. ராஜாவிடம் 10,000 தாலந்து கடன்பட்ட ஒரு ஊழியன். ராஜா அத்தனையையும் தள்ளுபடி செய்கிறார். அவன் வெளியே போய், தன்னிடம் 100 தெனாரி கடன்பட்ட உடன் ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். இது மத்தேயு 18-ல் இருக்கிறது.

இந்தக் கதையைக் கணக்கோடு படிக்க வேண்டும். ஒரு தெனாரி என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரி. அப்படியானால் முதல் கடன் 6 கோடி நாள் கூலி. ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் உழைத்தாலும் 1,60,000 வருடங்களுக்குமேல் ஆகும். யாராலும் அடைக்க முடியாத கடன்.

இப்போது இரண்டாவது கடனைப் பாருங்கள். அது 100 நாள் கூலி. பிரசங்கங்களில் அதைச் சில்லறைக் காசு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மூன்று மாதத்துக்குமேல் உழைத்த பணம் சில்லறையா? எனக்கு இந்த இடம் பெரிய ஆறுதல். ‘உனக்கு நடந்தது ஒன்றுமில்லை, மறந்துவிடு’ என்று இயேசு சொல்லவில்லை. உங்கள் காயம் உண்மையானது, உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் உண்மையானது. அதைவிடப் பெரிய ஒன்று உங்களுக்கு ஏற்கெனவே மன்னிக்கப்பட்டிருக்கிறது என்றுதான் அவர் காட்டுகிறார்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். பண விஷயத்தில் ஒரு நெருங்கிய உறவினர் என்னை ஏமாற்றினார். நான்கு வருடம் பேசவில்லை. மன்னித்துவிட்டேன் என்று ஜெபத்தில் சொல்வேன், ஆனால் யாராவது அவர் பெயரை எடுத்தால் முகம் இறுகிப்போகும். ‘உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபம்பண்ணுங்கள்’ என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லி, அவர் பிள்ளைகளின் படிப்புக்காகத் தினமும் ஒரு வரி ஜெபிக்க ஆரம்பித்தேன். முதல் சில வாரங்கள் உதடு மட்டும்தான் அசைந்தது. பல மாதம் கழித்து, அவர் மகன் தேர்ச்சி பெற்றதைக் கேட்டு நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டதைக் கவனித்தேன். அன்றுதான் அந்த ஏழெழுபது எனக்கு விளங்கியது. வெவ்வேறு குற்றங்களுக்கு மட்டுமல்ல, நினைவுக்கு வரும் ஒரே குற்றத்தையும் அத்தனை தரம் மன்னிக்க வேண்டியிருக்கிறது.

மன்னித்தால் பழையபடி உறவாட வேண்டுமா? என்னை அடிக்கிறவரோடு சேர்ந்துதான் இருக்க வேண்டுமா?

வேண்டாம். மன்னிப்பு வேறு, நம்பிக்கை வேறு. மன்னிப்பை ஒருவரே கொடுத்துவிடலாம். உறவு சீர்படுவதற்கு எதிரே இருப்பவரும் மனந்திரும்ப வேண்டும். லூக்கா 17-ல் இயேசு சொல்லும் வரிசையைப் பாருங்கள்: உன் சகோதரன் குற்றம் செய்தால் அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அதாவது மனம் வருந்தினால், மன்னி. கடிந்துகொள்வதும் அங்கே கட்டளைதான்.

‘ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள்’ என்று சீஷர்களுக்குச் சொன்னதும் அவர்தான். நாசரேத்தில் ஜனங்கள் அவரை மலையுச்சியிலிருந்து தள்ளப் பார்த்தபோது அவர் அங்கே நின்றுகொண்டிருக்கவில்லை. அவர்கள் நடுவே கடந்து போய்விட்டார். வீட்டில் அடியும் உதையும் வாங்குகிற ஒருவர் பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், சட்டத்தின் உதவியைக் கேட்பதும் பாவமல்ல. அப்படிப்பட்டவரிடம் ‘பொறுத்துப்போ, அதுதான் சிலுவை’ என்று சொல்லி அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்படியானால் ‘மறு கன்னத்தையும் காட்டு’ என்பதற்கு என்ன பொருள்?

மத்தேயுவில் ‘வலது கன்னம்’ என்று குறிப்பாக இருக்கிறது. வலது கையால், எதிரே நிற்கிறவரின் வலது கன்னத்தில் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் அறைய முடியும். அது அவமானப்படுத்துகிற அடி என்று வேத அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். அவமானத்துக்கு அவமானத்தால் பதில் சொல்லாதே என்பதுதான் இங்கே பேச்சு. பிரதான ஆசாரியனின் முன்னால் ஒரு சேவகன் இயேசுவை அறைந்தபோது, ‘நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால் அதை ஒப்புவி, தகுதியாய்ப் பேசினேனேயாகில் என்னை ஏன் அடிக்கிறாய்?’ என்று அவர் கேட்டார். திருப்பி அடிக்கவுமில்லை, தவறைத் தவறு என்று சொல்லாமல் விடவுமில்லை.

நம்மில் பலருக்கு அறை விழுவது வார்த்தையில்தான். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் குத்தலாக எழுதுவார். நறுக்கென்று பதில் விரல்நுனியில் தயாராக இருக்கும். அதை அனுப்பாமல், மறுநாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ‘ஏன் அப்படிச் சொன்னீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

தப்பு என்மேல் இருந்தால்?

காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் கொண்டுவந்து நிற்கும்போது, உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுவந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்றார் இயேசு. இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயர்கள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், 100 கிலோமீட்டருக்கும் அப்பால். நாள்கணக்கில் நடந்து வந்தவன், அத்தனை தூரம் திரும்பிப் போய்ச் சமாதானமாகிவிட்டு மறுபடியும் வரவேண்டும்! அவ்வளவு முக்கியம் அது.

மன்னிப்புக் கேட்பதற்கு, வரிவசூலிப்பவரான சகேயுவைப் பாருங்கள். ‘யாருக்காவது மனசு கஷ்டமாக இருந்தால் மன்னிக்கவும்’ என்று அவர் பொதுவாகச் சொல்லவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று கணக்கோடு சொன்னார். நீங்கள் பணத்தைப் பறித்திருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பெயரைக் கெடுத்திருந்தால், யார் காதில் போட்டீர்களோ அவர்களிடமே போய் ‘நான் சொன்னது தவறு’ என்று சொல்லுங்கள். இரண்டாவது முதலாவதைவிடக் கஷ்டம்.

‘குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்’ என்றால் யாரையும் எதுவும் சொல்லவே கூடாதா?

சொல்லலாம், வரிசை முக்கியம். முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு என்று சொன்னவர் அதோடு நிறுத்தவில்லை. பின்பு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்றும் சொன்னார். துரும்பு எடுக்கப்பட வேண்டியதுதான். கண்ணில் கைவைக்கிற வேலை என்பதால் பார்வை தெளிந்தவர்தான் அதைச் செய்ய வேண்டும்.

மத்தேயு 18-லும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அவனிடம் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ஊருக்கெல்லாம் சொல்லி, கடைசியில்தான் அவருக்குத் தெரியவருகிறது. அதிலும் ‘ஜெபக்குறிப்பு’ என்ற பெயரில் ஒருவருடைய குடும்ப விஷயம் பத்து பேருக்குப் போவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அவருடைய அனுமதி இல்லாமல் அவருக்காக மற்றவர்களிடம் ஜெபம் கேட்காதீர்கள். தேவனுக்குத் தெரியட்டும், போதும்.

கவலைப்படாதே என்கிறார். பொறுப்புள்ளவன் எப்படிக் கவலைப்படாமல் இருப்பான்?

ஆகாயத்துப் பறவைகளைக் கவனியுங்கள் என்று சொன்னார். பறவை சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. விடிந்ததிலிருந்து இரை தேடுகிறது, கூடு கட்டுகிறது. அடுத்த மாத இரையை நினைத்து இன்றைக்குத் தூக்கம் கெடுவதில்லை, அவ்வளவுதான். அந்தப் பகுதியின் கடைசி வரியையும் மறக்காதீர்கள்: ‘அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்.’ பாடே இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாடு உண்டு, இன்றைக்கு உள்ளது மட்டும் உன் கையில் என்கிறார். இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்திலும், ஆகாரத்தை ‘இன்று எங்களுக்குத் தாரும்’ என்றுதானே கேட்கிறோம்?

கவலையை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் இன்றைக்கு நான் செய்யக்கூடியது எது என்று பாருங்கள். ஒரு போன் செய்வதாக இருக்கும், ஒரு படிவத்தை நிரப்புவதாக இருக்கும். அதைச் செய்துவிட்டு மீதியை ஜெபத்தில் வையுங்கள்.

இன்னொன்று. இரவு பகலாக விடாத பயம், தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, இவையெல்லாம் நோயாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் போங்கள். ‘பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டும்’ என்பதை இயேசுவே சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் அல்ல.

ஜெபிக்க நேரமே கிடைப்பதில்லை.

கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் அதைக் கற்றுக்கொடுத்தார். மாற்கு 1-ல் பட்டணம் முழுவதும் வாசலில் கூடிய ஒரு சாயங்காலம் வருகிறது. அதற்கு அடுத்த அதிகாலையில், இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் அவர் ஜெபித்தார். அவருக்கும் நேரம் தானாகக் கிடைக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள்.

ஜெபித்தேன், கேட்டது கிடைக்கவில்லை. என் விசுவாசம் போதவில்லையா?

கெத்செமனே தோட்டத்தில், ‘அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும்’ என்று இயேசு கேட்டார். அதே வார்த்தைகளைச் சொல்லி மூன்றாந்தரம் ஜெபித்தார். பாத்திரம், அதாவது அவர் படவிருந்த பாடு, நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம், வியாதி குணமாகாதவரிடம் ‘இன்னும் விசுவாசித்திருக்க வேண்டும்’ என்று சொல்வது கொடுமை. ஏன் கிடைக்கவில்லை என்ற காரணத்தை நான் சொல்ல முயல மாட்டேன். அந்த இருட்டில் முகங்குப்புற விழுந்து கிடந்தவர் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார் என்பதை மட்டும் சொல்வேன்.

காணிக்கை எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஏழை விதவை போட்ட இரண்டு காசை எல்லோரும் சொல்வார்கள். அவள் தனக்கு உண்டாயிருந்த ஜீவனம் முழுவதையும் போட்டாள். ஆனால் அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டித்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால், இல்லாதவரிடமிருந்து பிடுங்குவதற்கு அந்த விதவையை யாரும் உதாரணம் காட்ட முடியாது.

மாற்கு 7-ஐயும் பாருங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை அவர் கண்டித்தார். அம்மாவின் மருந்துச் செலவைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆலயத்துக்குக் கொடுப்பதை அவர் விரும்பவில்லை.

உதவி கேட்டு எல்லோரும் வருகிறார்கள். எதுவரை செய்வது?

நல்ல சமாரியனைக் கவனமாகப் பாருங்கள். கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரி, அதாவது இரண்டு நாள் கூலியைக் கொடுத்து, அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான். தன் பயணத்தை ரத்து செய்யவில்லை, இன்னொருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டான். எல்லாவற்றையும் தனியாகச் சுமந்து, ஆறு மாதத்தில் சோர்ந்து, யாரைக் கண்டாலும் எரிச்சலாகிவிடுகிற நல்ல மனிதர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கண்முன்னே கிடக்கிறவரைத் தாண்டிப் போகாதீர்கள். உங்களால் முடிந்ததை முழுமையாகச் செய்யுங்கள், அப்புறம் சத்திரக்காரரைத் தேடுங்கள்.

வேலையில் சின்னப் பொய் சொல்லாமல் இருக்க முடியவில்லையே?

‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்’ என்பதுதான் பதில். வேலை முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லி, எப்போது முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சில நேரம் நஷ்டம் வரும், அதை மறைக்க விரும்பவில்லை.

வீட்டில் மற்றவர்களுக்கு விசுவாசம் இல்லை. எப்படிச் சொல்வது?

இயேசுவின் சகோதரர்களே அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7 சொல்கிறது. அதனால் இதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் நிறையப் பேச வேண்டாம். பாத்திரம் கழுவுங்கள், சொன்ன நேரத்துக்கு வாருங்கள், கோபத்தில் கத்தினால் அன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள்.

சந்தேகம் வந்தால் நான் விசுவாசி இல்லையா?

வியாதிப்பட்ட மகனுக்காக வந்த ஒரு தகப்பன், ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று கண்ணீரோடு கதறினான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். முதலில் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு வா என்று அவனை அனுப்பாமல், இயேசு பிள்ளையைக் குணமாக்கினார். தோமாவும் அப்படித்தான். இயேசு உயிர்த்தெழுந்ததைக் கண்டால்தான் நம்புவேன் என்று சொன்னவர், எட்டு நாள் கழித்தும் மற்ற சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருந்தார். அவர் விலகிப் போகவில்லை, அவர்களும் விரட்டவில்லை. சந்தேகம் இருக்கும்போது கூட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

அதே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். எந்த முகத்தோடு அவரிடம் போவது?

பேதுரு மூன்று தரம் இயேசுவை மறுதலித்தது, அதாவது அவருடைய சீஷன் அல்ல என்று சொன்னது, எங்கே என்று யோவான் 18-ல் பாருங்கள். குளிருக்காகக் கரிநெருப்பு மூட்டி நின்றவர்களோடு அவரும் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பு இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, யோவான் 21-ல். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் மூட்டி வைத்திருந்த நெருப்பு அது. இரவு முழுவதும் வலைவீசி ஒன்றும் அகப்படாமல், அவர் சொன்ன பிறகு வலை நிறைய மீனோடு கரைக்கு வந்தவர்களில் பேதுருவும் ஒருவர். அந்தப் புகை வாசனை மூக்கில் ஏறியதும் அவருக்கு என்னவெல்லாம் நினைவு வந்திருக்கும்!

மூன்று தரம் மறுதலித்தவரிடம், மூன்று தரம் ‘நீ என்னை நேசிக்கிறாயா?’ என்று இயேசு கேட்டார். மூன்று தரமும் தம் ஆடுகளை அவர் கையில் ஒப்படைத்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால், நெருப்பின்மேல் மீனும் அப்பமும் தயாராக இருந்தன. ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்று கூப்பிட்டு, அவரே எடுத்துக் கொடுத்தார். ஈரத்துணியோடு வந்த பேதுருவும் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர் கேட்க ஆரம்பித்தார்.